ஐஸ் கம்பெனியில் பிளாஸ்மா

சந்தேகப்படுவதற்காக எனக்குச் சம்பளம் தருகிறார்கள். சிங்கப்பூரில் சின்னச் செயற்கைக்கோள்கள் செய்கிற ஒரு நிறுவனத்தில் வேலை. யாராவது ஒரு பாகத்தை எங்களுக்கு விற்க முன்வந்தால், அவர்கள் காட்டுகிற அளவுகள் நிஜம்தானா என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருவது என் பொறுப்பு. இந்த முறை போக வேண்டியிருந்தது கடலூருக்கு. அங்கே நசீமா என்றொரு பெண் பிளாஸ்மா உந்துபொறி செய்கிறாள், அதை ஓர் ஐஸ் கம்பெனிக்குள் வைத்துச் சோதிக்கிறாள் என்று கேட்டதுமே எனக்கு மூக்கு வேர்த்துவிட்டது.

பிளாஸ்மா உந்துபொறி என்றால் நெருப்பைக் கக்கிக்கொண்டு கிளம்புகிற ராக்கெட் அல்ல. ஒரு சொம்பு அளவுதான் இருக்கும். அதற்குள் கிரிப்டான் வாயுவைச் சிறுகச் சிறுக விட்டு, மின்சாரத்தையும் காந்தத்தையும் கொண்டு அதைப் பிளாஸ்மாவாக்கினால், அயனிகள் அசுர வேகத்தில் வெளியே பாயும். அந்தப் பாய்ச்சல் செயற்கைக்கோளைத் தள்ளும். தள்ளுகிற விசை என்னவோ, உள்ளங்கையில் ஒரு கறிவேப்பிலைக் கொத்தை வைத்தால் தெரிகிற கனம்தான். விண்வெளியில் தடுப்பார் இல்லை என்பதால் மாதக்கணக்கில் தள்ளிக்கொண்டே இருந்தால் போதும்.

நசீமா அனுப்பிய அளவுகளில் அந்தக் கறிவேப்பிலைக் கொத்து கொஞ்சம் கனமாக இருந்தது. கிரிப்டானில் இவ்வளவு வராது என்பது என் கணக்கு. மேலாளரிடம் சொன்னேன். அவர் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "பொய்யென்றால் பிடித்துக்கொண்டு வா. மெய்யென்றால் கையெழுத்துப் போட்டுவிட்டு வா. வேறு எதற்காகவும் எனக்கு போன் செய்யாதே."

சிதம்பரம் ஸ்டேஷனில் இறங்கும்போது கத்தரி வெயில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. கையில் என்னுடைய எடைக்கற்களும் வெற்றிடமானியும் வைத்த அலுமினியப் பெட்டி. ஆட்டோக்காரர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பெட்டியைப் பார்த்தார்.

"பொட்டில என்னாம்மா?"

"கருவிங்க."

"நெலம் அளக்குற கருவியா?"

"இல்லைங்க. நான் வேற வேலையா வந்திருக்கேன்."

"எங்க ஊரு கம்மாபுரம். அங்கயும் இப்பிடித்தான் பொட்டியத் தூக்கினு வருவாங்க. கேட்டா ஒண்ணுமில்லம்பாங்க. அப்பறம் பாத்தா சொரங்கம் வருது, வூட்டக் காலி பண்ணுன்னுவாங்க."

விண்வெளிக்குப் போகிற ஒரு பொறியைச் சோதிக்க வந்திருக்கிறேன் என்று உண்மையைச் சொன்னேன். அவர் கண்ணாடியில் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "பூமிக்கடியில கேஸ் எடுக்க வந்தேன்னு நேரா சொல்லிட்டாக்கூட மரியாதையா இருக்கும்மா" என்றார். சிங்கப்பூர் டாக்சியில் பெட்டிக்குள் பிணமே இருந்தாலும் ஓட்டுநர் ஏர்கான் போதுமா என்றுதான் கேட்பார். சந்தேகப்படுவது என் தொழில். பிறர் என்னைச் சந்தேகப்பட்டுப் பழக்கமில்லை. எரிச்சலாக இருந்தது.

அறை எடுத்திருந்தது கீழவீதிக்குப் பக்கத்தில். ஐஸ் கம்பெனி கடலூரில், அறை சிதம்பரத்தில். இதுவே எனக்கு உறுத்தியது. முன்னறிவிப்பு இல்லாமல் நான் அங்கே போய் நின்றுவிடக் கூடாது என்று யோசித்து எடுத்திருப்பார்களோ? மாலையில் நசீமாவே வந்தாள். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். பரங்கிப்பேட்டையில் பிறந்து, சிதம்பரத்தில் செருப்புக்கடை வைத்திருப்பவருக்கு வாழ்க்கைப்பட்டவள். நடுவில் வடக்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் இந்த மாதிரிப் பொறிகளுக்குக் காந்தம் வடிவமைத்திருக்கிறாள். தானே ஒன்று செய்து பார்க்கவேண்டும் என்று அந்த வேலையை விட்டுவிட்டு வந்தவள்.

"எங்க வீடு பக்கத்துலதான் மேடம். காலையில வீட்டு வேலைய முடிச்சிட்டு நானும் பஸ்லதான் போவேன். ரெண்டு பேரும் சேந்து போயிடலாம்னுதான் இங்க எடுத்தேன்" என்றாள். கையோடு ஒரு டப்பாவில் பரங்கிப்பேட்டை அல்வா கொண்டுவந்திருந்தாள். ஆய்வுக்கு வந்த இடத்தில் முதல் நாளே அல்வா. வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு, பிரிக்கமாட்டேன் என்று உறுதி எடுத்துக்கொண்டேன். இரவுக்குள் பாதி டப்பா காலி. அவ்வளவு நெய்யை வைத்துக்கொண்டு யாரால் நேர்மையாக இருக்க முடியும்?

மறுநாள் காலை இட்லிக்குக் கத்திரிக்காய் கொத்சு வைத்தார்கள். சிங்கப்பூரில் இட்லிக்குத் தருகிற சாம்பாரைப் பற்றி இனி யாரிடமும் பெருமை பேசமாட்டேன். தண்ணீரை மட்டும் தொடவில்லை. பரிமாறியவர் அதைக் கவனித்துவிட்டு, "காய்ச்சின தண்ணிதான், பயப்படாம குடிங்க" என்றார். கேட்காமலே சொன்னதால் இன்னும் பயமாகிவிட்டது.

கடலூர் பஸ் புதுச்சத்திரம் தாண்டியதும் பெருமூச்சு விட்டு நின்றுவிட்டது. கண்டக்டர் இறங்கி, டயரை ஒரு உதை உதைத்துவிட்டு, "எல்லாம் எறங்குங்க, பின்னாடி வண்டி வருது" என்றார். நான் நசீமாவைத் திரும்பிப் பார்த்தேன். ஆய்வைத் தள்ளிப்போடுவதற்காக ஒருத்தி அரசுப் பேருந்தையே நிறுத்தமுடியுமா என்று ஒரு கணம் யோசித்தேன். யோசித்தேன் என்பதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. பின்னால் வந்த பஸ்ஸில் உட்கார இடமில்லை. பெட்டியை ஒரு அம்மாள் தன் மடியில் வாங்கி வைத்துக்கொண்டார். இறங்கும்வரை என் கண் அந்தப் பூட்டின் மேலேயே இருந்தது.

ஐஸ் கம்பெனி முதுநகரில், மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற வழியில் இருந்தது. உரிமையாளர் கலியமூர்த்தி. படகுக்காரர்கள் குடும்பம். ஐஸ் இயந்திரங்களோடு மல்லுக்கட்டியே ஆயுசைக் கழித்தவர். வருடாவருடம் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. ஐஸ் வாங்க ஆளிருக்காது. அந்த நாட்களில் சும்மா கிடக்கிற பெரிய கூடத்தையும், மிச்சமாகிற மின்சாரத்தையும் நசீமாவுக்கு விட்டிருக்கிறார். காற்றை உறிஞ்சி வெற்றிடமாக்குகிற இரும்புத் தொட்டி நடுக்கூடத்தில் படுத்திருந்தது. வெல்டிங் வைத்து அதை உருவாக்கியதும் அவரேதான்.

"இதுல ஒரு ஊசிமொன ஓட்ட இருந்தாலும் சொல்லுங்க மேடம், நான் தொழில விட்டுர்றேன்" என்றார். நசீமா அவரை மாமா என்று கூப்பிட்டாள். அவர் அவளைப் பாப்பா என்றார்.

என் முதல் சந்தேகமே அந்த ஓட்டைதான். தொட்டிக்குள் காற்று கசிந்தால் பொறி அதையும் சேர்த்து விழுங்கி, இல்லாத பலத்தைக் காட்டும். தெரிந்தே கசியவிடுகிறவர்கள் உண்டு. என் வெற்றிடமானியை மாட்டிப் பார்த்தேன். ஓட்டை இல்லை. அடுத்த சந்தேகம் தராசு. தொட்டிக்குள் ஊஞ்சல் மாதிரி ஒரு பலகை தொங்கும். பொறி அதன்மேல் உட்கார்ந்திருக்கும். பொறி தள்ளும்போது ஊஞ்சல் மயிரிழை நகரும். எவ்வளவு நகர்ந்தது என்பதை வைத்துத்தான் விசையைக் கணக்கிடுகிறார்கள். அவர்களும் அதை ஊஞ்சல் என்றுதான் சொன்னார்கள். ஊஞ்சலைப் பக்கவாட்டில் இழுக்கிற நூலில் என் எடைக்கற்களை ஏற்றி இறக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு கல்லுக்கும் எவ்வளவு நகரவேண்டுமோ அவ்வளவே நகர்ந்தது. அதுவும் சரி.

நசீமா பொறியை இயக்கினாள். தொட்டியின் கண்ணாடி வழியாகப் பார்த்தால் ஒரு வெளிர்நீல வட்டம், அதிலிருந்து புகைபோல் நீளுகிற ஒளி. எத்தனை ஊரில் பார்த்திருந்தாலும் இதைப் பார்க்கிறபோது எனக்குச் சந்தேகப்படவே மறந்துவிடும். அன்றும் மறந்தது. திரையில் வந்த எண் அவள் அனுப்பியிருந்த அதே எண். எனக்குச் சந்தோஷம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. பொறியை அணைத்த பிறகும் ஊஞ்சல் பழைய இடத்துக்குத் திரும்பாமல் கொஞ்சம் தள்ளியே நின்றது. ஏன் என்று கேட்டேன்.

"அது பொறியோட சூட்டுல வர்றது மேடம். எப்பவும் கொஞ்சம் நிக்கும்" என்றாள். சட்டென்று வந்த பதில். சட்டென்று வருகிற பதில்களை நான் நம்புவதில்லை.

மதியம் கலியமூர்த்தி வீட்டிலிருந்து நெத்திலிக் குழம்பு வந்தது. "தடைக்காலம். ஃபைபர் போட்ல கரையோரம் புடிச்சது, அதான் பொடிசா கீது" என்று மன்னிப்புக் கேட்கிற தோரணையில் சொன்னார். பொடிசாக இருந்ததால் முள்ளோடு தின்றேன். இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொள்ளும்போது, எதிரிக் கூடாரத்தில் சாப்பிடுகிறோம் என்ற நினைப்பு வரத்தான் செய்தது.

அடுத்த நாள் கடலூரில் மாதாந்திரப் பராமரிப்பு என்று மின்சாரம் இல்லை. சோதனை நடக்காது என்று நசீமா சொன்னதும் நான் அறையிலிருந்து கீழே இறங்கி டீக்கடையில் விசாரித்தேன். "ஆமா, பேப்பர்லயே போட்டுருக்கான்" என்றார் டீ மாஸ்டர். அவர் நசீமாவுக்கு உறவாக இருக்க முடியாது என்பதை உறுதிசெய்துகொண்டு மேலே வந்தேன். சும்மா உட்கார்ந்திருக்கவேண்டாம் என்று அவள் என்னைப் பிச்சாவரத்துக்கு அழைத்துப்போனாள்.

தில்லை மரங்களும் சுரபுன்னையும் இரண்டு பக்கமும் வேரை ஊன்றி நிற்க, நடுவில் படகு போகிறது. எங்கள் ஊரிலும் சதுப்புநிலக் காடு உண்டு. மரப்பாலம் போட்டு, ஒவ்வொரு மரத்துக்கும் பெயர்ப்பலகை வைத்து, காலில் சேறு படாமல் பார்க்கவைப்பார்கள். இங்கே படகுக்காரர் துடுப்பாலேயே சேற்றைக் கிளறி நண்டைக் காட்டினார். அதே படகில் வந்த கேரளத் தம்பதி மலையாளத்தில் பேசிக்கொண்டது எனக்குப் பாதி புரிந்தது. "இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்? நம் வீட்டுக்குப் பின்னாலேயே இருக்கிறதே" என்றாள் மனைவி. கணவர் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

வேர்களுக்குள் படகு நுழைந்து நிழல் விழுந்தபோது, நசீமா தானாகவே சொன்னாள்.

"தடைக்காலம் முடிஞ்சதும் மாமாவுக்கு அந்தக் கூடம் வேணும் மேடம். போன வருஷமே திருப்பிக் கேட்டாரு. இந்த ஒரு ஆர்டர் வந்துட்டா பின்பக்கம் தனியா ஒரு ஷெட்டு போட்டுத் தரேன்னு சொல்லியிருக்காரு. வரலன்னா தொட்டியக் கழட்டிருவோம். எங்க அண்ணன் சவூதில ஒரு ஸ்கூல்ல எனக்கு வேல பேசி வச்சிருக்கு. ஃபிசிக்ஸ் டீச்சர்."

"போவீங்களா?"

"போகாம? வீட்ல எத்தன நாள் பொறுப்பாங்க?"

அவள் குரலில் அழுகை இல்லை. அழுதிருந்தால் நாடகம் என்று முடிவுகட்டியிருப்பேன். அழாததால் கரைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். என் கையெழுத்தில் ஒருத்தியின் பிழைப்பு தொங்குகிறது என்பதை என்னிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று கோபம் வந்தது. இளகவைக்கத்தான் சொன்னாளோ என்றும் பட்டது.

இரவு படுத்தபடி அந்தத் திரும்பாத ஊஞ்சலை நினைத்துக்கொண்டிருந்தேன். பொறியின் சூடென்றால் ஆற ஆறக் குறையவேண்டும். அன்று நாங்கள் நெத்திலி தின்று முடிக்கிறவரை அது குறையவே இல்லை. அப்படியென்றால் யாரோ எதையோ செய்கிறார்கள். நாளை அவளுக்கு முன்னால் போய்விடுவது என்று முடிவு செய்தேன்.

விடிந்ததும் அவளிடம் சொல்லாமல் முதலில் கிடைத்த பஸ்ஸைப் பிடித்தேன். அந்த பஸ் எங்கும் நிற்காமல் போனது. முதுநகரில் இறங்கி, ஐஸ் கம்பெனியின் பக்கவாட்டுக் கதவு திறந்திருக்கக் கண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். தொட்டியின் பம்புகள் ஓடிக்கொண்டிருந்தன. கூடத்தில் கலியமூர்த்தி மட்டும் இருந்தார். சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு நசீமாவின் கணினிமுன் உட்கார்ந்து, ஒற்றை விரலால் ஏதோ ஒரு பொத்தானைத் தட்டினார். தட்டிவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்.

எனக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்று ஆனது. இத்தனை வருட வேலையில் ஒருவரைக் கையும் களவுமாகப் பிடித்ததே இல்லை. "என்ன செய்றீங்க?" என்று கேட்டேன். குரல் தேவைக்குமேல் ஓங்கிவிட்டது.

அவர் திடுக்கிடவில்லை. "வாங்க மேடம், சீக்கிரமே வந்துட்டீங்களா" என்றார். "ஜீரோ வச்சேன்."

"எதுக்கு?"

"ஊஞ்சலுக்கு. இப்ப நல்ல நேரம். இன்னிக்குப் பாப்பா வர்றதுக்குள்ள ராவு காலம் வந்துரும். எந்த நாளும் காலண்டர்ல நல்ல நேரம் பாத்து நானே முன்னாடியே ஜீரோ வச்சிருவேன். பாப்பா வந்து பொறிய மட்டும் போடும்."

ஊஞ்சல் எந்த இடத்தில் நின்றால் விசை பூஜ்ஜியம் என்று கணினிக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் அந்தப் பொத்தான். பொறியைப் போடுவதற்குச் சற்றுமுன் அதைத் தட்டவேண்டும்.

"எல்லாச் சோதனைக்கும் இப்படித்தானா?"

"முதல்லேர்ந்தே. ஊருக்குக் கெளம்ப நேரம் சரியில்லன்னா, நல்ல நேரத்துல பையக் கொண்டுபோயி பக்கத்து வூட்ல வச்சிட்டு வர்றதில்லையா? அப்பறம் எப்ப வேணா கெளம்பிக்கலாம். அது மாதிரிதான். ஆரம்பிச்சது நல்ல நேரத்துலதான?"

நான் நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரைமுன் உட்கார்ந்தேன். எண் பூஜ்ஜியத்தில் இருந்தது. கிழக்குப் பக்கத் தகரத்தில் வெயில் ஏற ஆரம்பித்தது. நான் அசையவில்லை. அவர் டீ வாங்கிவந்து வைத்தார். ஆறிப்போகிறவரை நான் அதைத் தொடவில்லை. பொறி அணைந்தே கிடந்தது. எண் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. வெயில் பட்ட பக்கம் மட்டும் தொட்டி சூடாகி, ஊஞ்சலைத் தாங்குகிற சட்டம் கண்ணுக்குத் தெரியாத அளவு சாய்கிறது. ஊஞ்சல் தானாக ஒதுங்குகிறது. கல்லை ஏற்றினால் எவ்வளவு நகர்கிறது என்று பார்த்த நான், எங்கேயிருந்து நகர்கிறது என்று பார்க்கவில்லை.

நசீமா உள்ளே வந்தபோது பொறி இல்லாமலேயே திரையில் ஒரு விசை நின்றிருந்தது. அவள் பையைக்கூட இறக்கிவைக்காமல் அதையே பார்த்தாள். எதுவும் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"மாமா, ஜீரோ எப்ப வச்சீங்க?"

"காலையில பாப்பா. நல்ல நேரத்துல."

"நான் வந்து பொறி போடறதுக்கு முன்னாடிதான் வைக்கிறீங்கன்னு இல்ல நெனச்சிருந்தேன்."

"நல்லதுக்குத்தான செஞ்சேன். கெட்டுப்போச்சா?"

அவள் பையை இறக்கிவைத்தாள். அவர் என் பக்கம் திரும்பி, "கெட்டுப்போச்சா மேடம்?" என்றார். திருடனைப் பிடிக்க வந்த இடத்தில் இந்த மனிதரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பொறியைப் போடுவதற்குச் சற்றுமுன் ஒரு பூஜ்ஜியம், அணைத்ததும் ஒரு பூஜ்ஜியம் என்று வைத்து மறுபடி சோதித்தோம். நீல ஒளி அதே அழகோடு வந்தது. எண் மட்டும் குறைந்தது. கிரிப்டானில் இவ்வளவுதான் வரும் என்று நான் போட்டிருந்த கணக்கை ஒட்டியே வந்தது. எங்கள் நிறுவனம் கேட்டதற்குக் கொஞ்சம் கீழே. இன்னொரு முறை செய்தோம். அதே எண். மூன்றாவது முறை ஒரு துளி கூடுதலாக வந்தது, அதுவும் எட்டவில்லை. கலியமூர்த்தி காலண்டர் பக்கமே திரும்பாமல், காய்ந்துகிடந்த ஐஸ் தொட்டியின் விளிம்பில் போய் உட்கார்ந்துகொண்டார்.

என் கணக்குச் சரியாகிவிட்டது. அது எனக்குக் கசந்தது. நேர்த்தியான பொறி அது. காந்தத்தை அவள் வளைத்திருந்த விதத்தை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. இன்னும் ஒரு வருடம் கிடைத்தால் அந்தக் கொஞ்சத்தை எட்டிவிடுவாள். அந்த ஒரு வருடம்தான் அவளுக்கு இல்லை. மேலாளர் ஆமா, இல்லையா என்று மட்டும் கேட்பவர். என் கையெழுத்தை மீறி யாரும் எதையும் தோண்டிப் பார்க்கப்போவதில்லை.

"நசீமா" என்றேன். "அளவையில எப்பவும் ஒரு பிழை வரம்பு உண்டு. மூணாவது சோதனைய எடுத்துக்கிட்டு, அந்த வரம்பையும் மேல் பக்கமா சேத்துக்கிட்டா கேட்ட அளவு வந்துடும். நான் போட்டுடறேன்."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். வந்த நாளிலிருந்து நான் அவளைப் பார்த்த பார்வை அது. கண்ணைச் சுருக்கி, ஆளை எடைபோடுகிற பார்வை.

"கீழ் பக்கமாவும்தான மேடம் வரம்பு இருக்கு?"

"இருக்கு. யாரு பாக்கப்போறா?"

"மேல போனப்பறம் பொறி பாத்துக்கும். தள்ளவேண்டிய அளவு தள்ளலன்னா உங்க சாட்டிலைட் கீழ வந்துரும்." அவள் கணினியில் அன்றைய மூன்று எண்களையும் உள்ளபடியே பதிந்தாள். பிறகு, கோபமில்லாத குரலில், "இதுக்கு முன்னாடி யார் யாருக்கு மேடம் இப்பிடிப் போட்டுக் குடுத்துருக்கீங்க?" என்று கேட்டாள்.

யாருக்கும் இல்லை என்றேன். அது சத்தியம். இத்தனை வருடத்தில் ஒரு புள்ளியைக்கூட நான் யாருக்காகவும் நகர்த்தியதில்லை.

அவள் நம்பவில்லை. "சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டு, பம்பை நிறுத்தப் போனாள்.